பலாமரத்தடி ஜோடிக் குழி

அன்புள்ள மாமா,

இன்று தசரா யானை ஊர்வலம், ஜம்பு சவாரி. யானைகள் வருவதற்கு முன்னால் அரண்மனை பேண்டு வந்தது. பேண்டு வருவதற்கு முன்னால் அந்துருண்டை வாசம் வந்தது. தசராவுக்கென்றே பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும் சிவப்புக் கோட்டுகளை எல்லோரும் ஒரே நாளில் எடுத்து மாட்டிக்கொண்டால் வேறு என்ன வாசம் வரும்? கூட்டத்தில் பல பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நானும் கம்பவுண்டர் மாமாவும் மட்டும் நன்றாக மூச்சை இழுத்து உள்ளே வாங்கிக்கொண்டோம்.

"கிளாரினெட்டு பிசகுது, கேட்டியா?" என்றார் கம்பவுண்டர் மாமா. எனக்கு ஒன்றும் பிசகியதாகத் தெரியவில்லை. "அந்த மனுஷன் இருந்தா இப்படி விடுவாரா?" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் எனக்குக் கட்டுரைக்குப் பரிசு கிடைத்தது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எழுதி முடிக்கும் வரை அதுவே மனத்தில் துருத்திக்கொண்டு நிற்கும்.

உங்கள் வீடு எங்கள் கோயிலுக்குப் பின்புறச் சந்தில், எங்கள் வீட்டுக்கு எதிரில் இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அதில் நீங்கள் இருவரும்தான். நீங்கள் அரண்மனை பேண்டில் கிளாரினெட்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலில் ஆர்மோனியம். கம்பவுண்டர் மாமா பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவர். சின்ன வயதில் உங்களை அண்ணன் தம்பி என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையென்று பிறகு தெரிந்தபோதும் எனக்கு எதுவும் விசித்திரமாகப் படவில்லை. எங்கள் சந்தில் கணவன் மனைவிச் சண்டைகள் எல்லாம் தெளிவாகக் கேட்கும். உங்கள் வீட்டுச் சண்டையும் அதே சுருதியில்தான் இருந்தது. சாற்றில் புளி அதிகம், ஜன்னலைச் சாத்தவில்லை, குடையை எங்கே வைத்தாய்.

ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. உங்கள் வீட்டுச் சண்டையில் கம்பவுண்டர் மாமா எப்போதும் உங்கள் வலது பக்கம் வந்து நின்றுதான் கத்துவார். பேண்டில் பல வருஷம் பெரிய முரசுக்குப் பக்கத்தில் நின்று உங்கள் இடது காது போய்விட்டது. தெருவில் நடக்கும்போதுகூட எங்களை எல்லாம் வலது பக்கம் இழுத்து விட்டுக்கொள்வீர்கள். "இந்தப் பக்கம் வா கண்ணு, அந்தப் பக்கம் கடை மூடியாச்சு" என்பீர்கள்.

அப்புறம் அந்தக் குழி விவகாரம் வந்தது. அப்போது நான் மூன்றாம் பாரத்தில் இருந்தேன்.

நம் சபைக் கல்லறைத் தோட்டத்தில் கணவன் மனைவிக்கு அருகருகே இரண்டு இடம் முன்கூட்டியே ஒதுக்கித் தருவார்கள். அதற்கு ஜோடிக் குழி என்று பெயர். கல்யாணம் ஆகாதவர்கள் மதிலோரம் வரிசையாக, யார் முந்திப் போகிறார்களோ அவர்கள் முந்தி. நீங்கள் பென்ஷன் வாங்கிய கையோடு சபைக் கமிட்டிக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தீர்கள்: பலாமரத்தடியில் உங்களுக்கும் கம்பவுண்டர் மாமாவுக்கும் ஒரு ஜோடிக் குழி.

கமிட்டிக்கு அப்பாதான் காரியதரிசி. அதனால் கூட்டம் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. காப்பி கொண்டுபோய் வைப்பது என் வேலை. கோடுபளே முறுக்குத் தட்டை வைத்துவிட்டு நான் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். ஒட்டுக்கேட்பதற்காக அல்ல மாமா, காலித் தட்டை உடனே எடுப்பதற்காக.

மரக்கடை ஞானமுத்து ஐயாதான் முதலில் பேசினார். அவர் கொள்ளேகால் பக்கத்திலிருந்து வந்து இங்கே மரக்கடை வைத்தவர். எவ்வளவு கோபமானாலும் மரியாதை குறையாது.

"ஜோடிக் குழி புருசன் பொஞ்சாதிக்குங்க. இவுங்க ரெண்டு பேரும் ஆருக்கு ஆருங்க?"

கோடுபளே கடிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஊரு மறைக்குது, நான் மறைக்கலீங்க. சோதோம் எதுக்குங்க எரிஞ்சுது? அதைச் சொல்லுங்க. குழி மட்டுமில்லீங்க, அவரு ஆர்மோனியத்துல கை வைக்கறதும் எனக்குச் சம்மதமில்லைங்க."

"மெல்லப் பேசுங்க, பாப்பா இருக்கா" என்றார் அப்பா.

குருவை நம் சபையில் ஐயர் என்றுதான் சொல்வோம். ஐயர் காப்பியை முழுக்கக் குடித்து முடித்தபின் சொன்னார்: "வர்ற திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை முடிவு பண்ணுவோம். அன்னிக்கு யாரோட பேரை நான் திருவிருந்துக்கு ஏத்துக்கறேனோ அவங்கதான் கை தூக்கலாம். குழி கேட்டவங்களுக்கும் அதே சட்டம்தான்."

எல்லோரும் சம்மதித்தார்கள். அதில் என்ன இருக்கிறது என்று அப்போது யாருக்கும் புரியவில்லை.

எனக்கு வேறு கவலை. வேதத்தில் வரும் சோதோம் ஊர் எதற்கு எரிந்தது என்று ஒருவர் கேட்கிறார், கமிட்டி முழுவதும் உட்கார்ந்திருக்கிறது, ஒருவருக்கும் பதில் தெரியவில்லை! ஞாயிறு பள்ளியில் வசனப் பரிசு வாங்கிய எனக்கும் தெரியவில்லை. எங்களுக்கு லோத்தின் மனைவி உப்புத்தூண் ஆனதோடு கதையை முடித்துவிடுவார்கள்.

அம்மாவிடம் கேட்டேன். "ஊர் எரிஞ்சுது, அவ்ளோதான். போய் வெங்காயம் உரி" என்றாள். அப்பா, "சாப்பிடும்போது பேசாதே" என்றார். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை. ஞாயிறு பள்ளி டீச்சர் கொஞ்சம் யோசித்து, "அவங்க ஓய்வுநாளை ஆசரிக்கல" என்றார். அந்த வாரம் நாங்கள் நிறையப் பேர் தாமதமாகப் போயிருந்தோம். ஒவ்வொருவரும் தமக்குப் பிடிக்காததையெல்லாம் சோதோமில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள் என்று தோன்றியது.

கடைசியில் நானே வாசித்தேன். வாசித்ததும் நேரே உங்கள் வீட்டுக்கு வந்தேன். யாரைப் பற்றிப் பேச்சோ அவரிடம் கேட்பதுதானே முறை?

நீங்கள் முற்றத்தில் உட்கார்ந்து கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். நான் வலது பக்கம் போய் நின்றேன்.

"மாமா, சோதோமோட பாவம் என்ன? உங்க குழியப் பத்திப் பேசறப்ப மரக்கடை ஐயா கேட்டார். யாருமே பதில் சொல்லல."

சமையலறையில் கரண்டி விழுந்தது. கம்பவுண்டர் மாமா கையில் மாவோடு வாசற்படியில் வந்து நின்றார். அவர் முகம் சிரிக்கவா வேண்டாமா என்று முடிவு செய்யாமல் இருந்தது.

நீங்கள் துடைப்பதை நிறுத்தவில்லை. "வாசிச்சியா?"

"வாசிச்சேன். லோத்து வீட்டுக்கு வந்த விருந்தாளிகள ஊர்க்காரங்க அவமானப்படுத்த வந்தாங்க. வெளிய அனுப்புன்னு கதவ இடிச்சாங்க."

"நாங்க யார் வீட்டுக் கதவையாவது இடிச்சோமா?"

நான் பொய் சொல்ல விரும்பவில்லை. "ஈஸ்டர் அன்னிக்கு எங்க வீட்டுக் கதவ இடிச்சீங்க. கம்பவுண்டர் மாமா சாவியத் தொலைச்சப்ப."

அப்போதுதான் கம்பவுண்டர் மாமா சிரிக்கத் தொடங்கினார். மாவுக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அய்யோ, எரியுது எரியுது" என்று உள்ளே ஓடினார். மாவில் மிளகாய்த்தூள் இருந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நான் அதோடு நிறுத்தவில்லை. எசேக்கியேலில் ஓரிடத்தில் சோதோமின் பாவம் வேறு மாதிரி சொல்லியிருக்கிறது: கர்வம், வயிறு நிறையச் சோறு, வேலையில்லாத சுகம், ஏழைக்குக் கை கொடுக்காத மனசு. அதைப் பார்த்ததும் எனக்கு மிகவும் சந்தோஷம், நம் சபையில் பாதிப் பேர் அதற்குள் வந்துவிட்டார்களே என்று. ஆனால் ஆணும் ஆணும் சேர்வதைப் பற்றி லேவியராகமத்தில் ஒரு வசனம் இருந்தது. ரோமருக்கு எழுதியதில் இன்னொன்று. அவை மழுப்பாமல் கடுமையாகவே இருந்தன. எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது.

"ரோமர்ல ஒண்ணு இருக்கு, மாமா" என்றேன்.

"தெரியும். நீ பொறக்கறதுக்கு முந்தியே நான் படிச்சாச்சு."

"அது உங்களப் பத்தியா?"

இப்போது துடைப்பதை நிறுத்தினீர்கள். உங்கள் பதில் எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. "எத்தனையோ தடவ படிச்சுப் பாத்தேன், கண்ணு. அதுல இருக்கறவங்க சாமிய மறந்து, கோபமும் பொறாமையுமா அலையறாங்க. புளி கூடிப்போச்சுன்னு சண்டை போடறவங்க யாரும் அதுல இல்ல. எங்க வீட்ட நான் அதுல தேடினேன். கிடைக்கல."

பிறகு, "மரக்கடைக்காரருக்குக் கிடைச்சுதுன்னா காட்டச் சொல்லு" என்றீர்கள்.

நான் சொன்னபடி செய்கிறவள் இல்லையா? மறுநாள் மரக்கடை ஐயா அப்பாவைப் பார்க்க வந்தபோது, எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலி நுனிக்கு வந்து உட்கார்ந்து, "லேவியராகமத்துல இருக்குதே, கண்ணு. அதுக்கு என்ன சொல்றே?" என்றார்.

"அதே லேவியராகமத்துல ரத்தம் சாப்பிடக் கூடாதுன்னு இருக்குங்க ஐயா."

அவர் வீட்டு ஆட்டு ரத்தப் பொரியல் சபை முழுக்கப் பிரசித்தம். அந்தக் கிறிஸ்துமஸ் தட்டு வராவிட்டால் எங்கள் வீட்டில் பண்டிகையே இல்லை.

"அது யூதருக்குச் சொன்னதுங்கண்ணு."

"அப்போஸ்தலர் நடபடிகள்ல மத்தவங்களுக்கும் சொல்லியிருக்கே. யூதரல்லாதவங்களுக்குன்னே எழுதி அனுப்பினதுல, ரத்தம் வேண்டாம்னு."

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் சமையலறைக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை.

"நான் போய் வேதத்தைப் பாக்கறேன்" என்று எழுந்தார் ஐயா. பார்த்தும் இருக்கிறார். அடுத்த ஞாயிறு அவர் மனைவி கோயில் வாசலில் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "உங்க பொண்ணு என் அடுப்புல மண்ணள்ளிப் போட்டுட்டா! முப்பாட்டன் காலத்துப் பொரியலு, இப்ப தொட மாட்டேங்கறாரு. பொரியலும் இல்ல, குழியும் இல்லைன்னு உக்காந்திருக்காரு மனுசன்!"

வாதத்தில் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்திருந்தேன். அவரோ இரண்டையும் ஒரேயடியாக விட்டுவிட்டார். அப்படி ஒருவர் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை வந்தது. திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க வருகிறவர்கள் முந்தின நாள் கோயிலில் பேர் கொடுக்க வேண்டும், ஐயர் ஒவ்வொருவரிடமும் "யாரோடயாவது மனஸ்தாபம் உண்டா?" என்று கேட்பார், எல்லோரும் "இல்லைங்க ஐயா" என்பார்கள். இது வழக்கம். பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதை நிறுத்தி எத்தனையோ காலமானவர்கள்கூட, அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டே "இல்லைங்க ஐயா" என்பார்கள். நான் பீடத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். பூ வைக்க அன்று மிக அதிக நேரம் பிடித்தது.

மரக்கடை ஐயாவுக்குத் தம்பியோடு பேச்சு இல்லை. அவர்களுடைய அப்பா வீட்டு மாமரத்தை வெட்டியதில் வந்த பிணக்கு. பேர் ஏற்கப்பட்டால்தான் கை தூக்கலாம் என்பதால் வெள்ளிக்கிழமை அவர் தம்பி வீட்டுக்குச் சமாதானம் பேசப் போனாராம். தம்பி வாசலிலேயே நிறுத்தி, "நீ என்னோட சேர வந்தியா, ஓட்டுப் போட வந்தியா?" என்று கேட்டிருக்கிறார். ஐயா யோசித்திருக்கிறார். யோசித்ததைப் பார்த்துத் தம்பி கதவைச் சாத்திவிட்டார்.

"மனஸ்தாபம் உண்டா?" என்று ஐயர் கேட்டார்.

மரக்கடை ஐயா தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். "உண்டுங்க, ஐயா."

கோயில் முழுக்க ஒரு சலசலப்பு. அந்தக் கேள்விக்கு அப்படி ஒரு பதிலை யாரும் கேட்டதே இல்லை.

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமே" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

"பொய் சொல்லித் தூக்கற கை எதுக்குங்க?" என்று சொல்லிவிட்டு அவர் போய் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். பூச்சாடியைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது, மாமா. உங்களுக்கு எதிரானவர் என்பதைக் கொஞ்ச நேரம் மறந்தே போனேன்.

அடுத்து நீங்கள் இருவரும். இனி எல்லாம் நல்லபடி முடிந்துவிடும் என்று நான் மூச்சு விட்டேன்.

"மனஸ்தாபம் உண்டா?"

"உண்டு" என்றீர்கள் நீங்கள்.

"உண்டு" என்றார் கம்பவுண்டர் மாமா.

ஐயர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரோட?"

நீங்கள் அவரைக் காட்டினீர்கள். அவர் உங்களைக் காட்டினார்.

மூன்று நாளாக இருவருக்கும் பேச்சு இல்லையாம்! குழியில் யார் எந்தப் பக்கம் என்று சண்டை. பலாமர நிழல் விழும் இடது பக்கம் தனக்கு வேண்டும் என்று கம்பவுண்டர் மாமா. முடியாது, அது எனக்கு என்று நீங்கள். இன்னும் கிடைக்காத குழிக்கு!

"வெளிய போய் முடிச்சுட்டு வாங்க. விளக்கேத்தறதுக்குள்ள வரலைன்னா குழி கிடையாது" என்றார் ஐயர். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பீடத்துக்கு இன்னும் பூ தேவைப்பட்டதால் நானும் வெளியே வந்தேன். முகப்பில் தூணருகே நீங்கள் இருவரும் நின்றீர்கள்.

"வெயில் எனக்கு ஒத்துக்காதுன்னு தெரியுமில்ல?" என்றார் கம்பவுண்டர் மாமா. "அந்தப் பக்கம் ஒரு இலை நிழல் கிடையாது. என்ன மனுஷனய்யா நீ? செத்த பிறகாவது ஒரு நிழல் விட்டுக்குடுக்கப்படாதா?"

"நான் இடது பக்கம் படுத்தாத்தான் நீ எனக்கு வலது பக்கம் வருவே."

"வந்தா?"

"எனக்கு வலது காதுதான் கேக்கும்."

"செத்த பிறகு நான் என்னய்யா பேசப்போறேன்?"

"நீயா? நீ பேசாம இருப்பியா?"

அவர் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். பிறகு, "சும்மா மூணு நாள் பேசாம இருந்தியே, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று உங்களை நன்றாகத் திட்டிவிட்டு, உங்கள் வலது கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். நான் வெறுங்கையோடு பின்னால் வந்தேன். பூ பறிக்க மறந்துவிட்டது.

"இல்லைங்க, ஐயா" என்று இருவரும் சேர்ந்து சொன்னீர்கள். ஐயர் பேர் எழுதினார். கமிட்டியைப் பார்த்துச் சொன்னார்: "அந்த வசனத்தை நான் பிரசங்கம் பண்ணியிருக்கேன். இனியும் வந்தா பண்ணுவேன். ஆனா யார் யார் பக்கத்துல படுக்கக் கூடாதுன்னு அதுல எழுதல. ஆர்மோனியம் பத்தியும் எழுதல. கை தூக்கறவங்க தூக்கலாம்."

முதலில் தூக்கியது அப்பா. அதை நான் சொல்லியே ஆக வேண்டும். சாப்பிடும்போது பேசாத அப்பா, யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே தூக்கினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தூக்கினார்கள். மரக்கடை ஐயா தம் கைகளை மடியில் வைத்து, ஒன்றை மற்றொன்றால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் போனபோது நல்ல மழை. சவப்பெட்டிக்குச் சொல்லிவிடுவதற்குள் மரக்கடை ஐயாவே பலகையோடு வந்து நின்றார். "நல்லாக் காஞ்ச தேக்குங்க. ஈரத்துக்கு அசையாது" என்றார். கம்பவுண்டர் மாமா அந்த நிலையிலும் பலகையைத் தட்டிப் பார்த்து, "வலது காதுப் பக்கம் கனம் ஜாஸ்தியா இருக்கே, இழைக்கலாமா?" என்று கேட்டார். ஐயா ஏன் என்று கேட்கவில்லை. தாமே இழைப்புளி எடுத்து இழைத்தார். வேதத்தைப் பற்றி அவர் மனம் மாறிவிட்டதாக நான் நினைக்கவில்லை. போன மாதம்கூட அப்பாவிடம், "நான் சொன்னது சொன்னதுதானுங்க" என்றார். ரத்தப் பொரியலும் இன்னும் சாப்பிடுவதில்லை. எங்கள் கிறிஸ்துமஸ்தான் பாழாய்ப் போய்விட்டது.

எனக்கும் அந்த வசனங்களுக்கும் கணக்கு இன்னும் தீரவில்லை, மாமா. அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பக்கம் புரட்டும்போது நான் அங்கே நின்று உங்கள் வீட்டைத் தேடுகிறேன். புளி கூடிய சாறு, தொலைந்த சாவி, மாவுக் கையோடு ஒருவர். எனக்கும் கிடைக்கவில்லை. யாரைப் பற்றியாவது யாராவது கனமான வார்த்தை சொன்னால், இப்போதும் நான் நேரே போய் அவர்களையே கேட்டுவிடுகிறேன். இதனால் பள்ளியில் எனக்குச் சிநேகிதிகள் குறைவு. இருக்கிறவர்கள் உறுதியானவர்கள்.

இன்று சவாரி முடிந்ததும் நாங்கள் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குத்தான் வந்தோம். நீங்கள் பலா நிழலில் சுகமாக இருக்கிறீர்கள். கம்பவுண்டர் மாமா தம் இடத்தில் வெயிலில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து, கிளாரினெட்டு எங்கெங்கே பிசகியது என்று முழுக்கச் சொன்னார். வெகு நேரம் சொன்னார். முடித்ததும் எழுந்து, "நீ ஏதாவது சொல்றதுன்னா சொல்லு" என்று எனக்கு இடம் விட்டார்.

கட்டுரைப் பரிசைப் பற்றிச் சொன்னேன். சுற்றி வந்து, வலது பக்கம் நின்றுதான் சொன்னேன்.